கைக்கு வராத வட்டிக்கு வரி

எனக்கு வருமானம் என்று ஒரு பைசா கிடையாது. எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டுக் கல்யாணமாகி வடலூருக்கு வந்தவள். சமையல், துணி, மாமியாருக்கு வேளா வேளைக்கு மாத்திரை, பெண்ணுக்குப் பரீட்சை என்றே நாற்பது வயதைத் தாண்டியாகிவிட்டது. அப்படிப்பட்ட எனக்கு 2021 பிப்ரவரியில் வருமான வரி இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் என்றால் தபால்காரர் கொண்டு வரவில்லை. என் பெண்தான் செல்போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, உன் பேருக்கு இன்கம்டாக்ஸ் நோட்டீஸ் வந்திருக்கு" என்றாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். விளையாடுகிறாள் என்று நினைத்து, "தட்டை எடுத்துட்டு வாடி" என்று சொல்லிவிட்டேன்.

விளையாட்டு இல்லை.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் கணவர் நெய்வேலி சுரங்கத்தில் வேலை செய்கிறார். ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வேண்டுமே என்று முன்யோசனையாக வடலூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். இங்கே யார் வீட்டில் எந்த மாதம் ரிடையர்மெண்ட், யாருக்கு எவ்வளவு பணம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஃபைனான்ஸ் கம்பெனி ஏஜெண்டுகளுக்கு ஊரைவிட நன்றாகவே தெரியும்.

எங்களிடம் வந்தவர் அந்நியர் இல்லை. என் தம்பியோடு படித்த பையன். "அக்கா, அக்கா" என்று அடுப்படி வரைக்கும் வருகிற பையன். வருஷத்துக்கு 15 சதவிகிதம் வட்டி, மூன்று வருஷம் கழித்து வட்டியும் அசலும் சேர்த்து மொத்தமாகக் கொடுப்போம் என்றான். என் அப்பா காலமானதும் அண்ணன்மார் என் பங்கு என்று செக்காகக் கொடுத்த 4 லட்சம் பாங்கில் இருந்தது. இவர் சிறுகச் சிறுகச் சேர்த்து ஃபிக்ஸட் டெபாசிட்டில் வைத்திருந்தது 6 லட்சம். "சார் பேர்ல போட்டா வரி வரும். அக்காவுக்குத்தான் வருமானமே இல்லையே, எல்லாத்தையும் அக்கா பேர்லயே போட்டுடுங்க" என்று யோசனை சொன்னதும் அவன்தான். 2017 ஏப்ரலில் 10 லட்சம் ரூபாய் என் பேருக்கு டெபாசிட் ஆயிற்று.

இவர் முதலில் தயங்கினார். உண்மையைச் சொல்லப் போனால், வற்புறுத்தினவள் நான். பெண்ணை நர்சிங் படிக்க வைக்க வேண்டுமே, பாங்கு வட்டி எந்த மூலைக்கு என்று கணக்குப் போட்டுக் காட்டினவளும் நான்தான்.

அதிலும் எங்களை முழுசாக நம்ப வைத்தது எது தெரியுமா? வரிதான்! முதல் வருஷம் முடிந்ததும் அந்தப் பையன் ஒரு காகிதம் கொண்டுவந்து கொடுத்தான். 1,50,000 ரூபாய் வட்டி வரவு வைத்திருக்கிறோம், அதில் 10 சதவிகிதம் 15,000 ரூபாயை வரியாகப் பிடித்து சர்க்காருக்குக் கட்டிவிட்டோம் என்று அச்சடித்த சர்ட்டிபிகேட். டி.டி.எஸ். என்கிறார்களே, அது. "ஏமாத்தறவன் வரி கட்டுவானா அக்கா? சர்க்காருக்கே கணக்குக் காட்டறோம்" என்றான். எனக்கு அது கல்வெட்டு மாதிரித் தோன்றியது. மூலையில் மஞ்சள் தடவி சாமி அலமாரியில் வைத்தேன். மறு வருஷமும் வந்தது: வட்டி 1,70,250, பிடித்த வரி 17,025. கணக்கில் நிற்பது 12,88,225 என்று ஒரு ஸ்டேட்மெண்ட். அந்த எண்ணைப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

2019 ஜூலையில் கம்பெனிக் கதவில் பூட்டுத் தொங்கியது. அந்தப் பையனும் தன் அம்மாவின் நகையை விற்று அதில் போட்டிருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவனைத் திட்டக்கூட வாய் வரவில்லை.

கடலூருக்குப் போய்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் எழுதிக் கொடுத்தோம். எவ்வளவு போட்டோம், எவ்வளவு திரும்பி வந்தது என்று எழுதச் சொன்னார்கள். திரும்பி வந்தது என்ற இடத்தில் இவர் ஒரு பூஜ்யம் போட்டார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி தாண்டுகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "ராத்திரிக்கு ரசம் மட்டும் போதும்" என்றார். அவ்வளவுதான்.

சரி, போனது போச்சு என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் நான் சொன்ன அந்த நோட்டீஸ். வருமானமே காட்டாத உங்கள் பேரில் 10 லட்சம் டெபாசிட் இருக்கிறது, அந்தப் பணம் ஏது என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. நெய்வேலியில் கணக்குப் பார்க்கிற ஒரு ஆடிட்டரிடம் போனோம். வயசானவர், நிதானமானவர். அப்பா பங்கு 4 லட்சத்துக்கு செக் இருக்கிறது, மீதி 6 லட்சம் நான் கொடுத்தது என்று இவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சார், பணம் ஏதுன்னு பதில் சொல்லியாச்சு. இப்ப அந்தப் பதிலாலேயே உங்களுக்கு வரி வருதே" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தச் சட்டம் தெரிந்தது. நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. புருஷன் தன் பணத்தை மனைவி பேருக்குக் கொடுக்கலாம், அதில் தப்பில்லை, அதற்கு வரியும் இல்லை. ஆனால் அந்தப் பணத்தைப் போட்டு வருகிற வட்டி, காகிதத்தில் மனைவி பேரில் இருந்தாலும், வரிக் கணக்குக்குப் புருஷனுடைய வருமானம்தான். பல காலமாக இருக்கிற சட்டம். 2026 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து என்று கொண்டுவந்த புது வருமான வரிச் சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது. "அக்கா பேர்ல போட்டா வரி கிடையாது" என்ற பேச்சு அடியோடு தப்பு. எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சை நம்பிக்கொண்டிருக்கிறோம்!

ஆக, 6 லட்சத்துக்கு வருஷம் 90,000 வட்டி இவருடைய வருமானம். இவர் சம்பளத்துக்கு 20 சதவிகித வரி. முதல் வருஷத்துக்கு செஸ்ஸோடு 18,540, அடுத்த வருஷத்துக்கு 18,720. மொத்தம் 37,260 ரூபாய்.

"சார், அந்த வட்டி எங்க கைக்கே வரலீங்களே! கம்பெனியே ஓடிப்போச்சுங்களே!" என்றேன். அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள், என்னையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். வட்டியைக் கணக்கில் காட்ட இரண்டு முறை உண்டாம். கைக்கு வந்த வருஷத்தில் காட்டுவது ஒன்று. கைக்கு வராவிட்டாலும் நம் கணக்கில் வரவு வைத்த வருஷத்திலேயே காட்டுவது இன்னொன்று. எதை வேண்டுமானாலும் பின்பற்றலாம், ஆனால் வருஷா வருஷம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இவர் பாங்கு ஃபிக்ஸட் டெபாசிட் வட்டியை எப்போதும் வரவு வைத்த வருஷத்திலேயே காட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது இந்த ஒன்றுக்கு மட்டும் மாற்றிச் சொன்னால் கேள்வி வரும். கைக்கு வராததும், இனி வர வழியில்லாததும் எப்படி வருமானம் ஆகும் என்று வாதாட இடமிருக்கிறது, கோர்ட்டுகள் அதை ஒப்புக்கொண்டதும் உண்டு. "ஆனா சார், கம்பெனி ஓடினது 2019 ஜூலை. வட்டி வரவு வெச்சது அதுக்கு முந்தின ரெண்டு வருஷம். அன்னிக்குக் கம்பெனி நல்லாத்தானே இருந்ததுன்னு கேப்பாங்க. அப்பீல் போனா செலவு இந்த வரியை விட ஜாஸ்தி ஆயிடும்" என்றார்.

சரி, கம்பெனி ஏற்கனவே பிடித்துக் கட்டிய வரியையாவது கழித்துக்கொள்ளலாம் அல்லவா? அங்கேயும் ஒரு முள். பிடித்த வரி முழுவதும் என் பான் நம்பரில் பதிவாகியிருக்கிறது. அதை இவர் பேருக்கு மாற்ற வேண்டுமானால் நான் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து, கம்பெனிதான் திருத்திப் பதிய வேண்டும். கம்பெனி எங்கே இருக்கிறது? பூட்டுத்தான் இருக்கிறது. என் சொந்த 4 லட்சத்துக்காகப் பிடித்த வரியாவது எனக்குத் திரும்பக் கிடைக்குமா என்றால், எனக்கு வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லாததால் கிடைக்க வேண்டியதுதான். ஆனால் நான் அந்த இரண்டு வருஷமும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை, அதற்கான கெடுவும் முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட வழி உண்டு என்றார் ஆடிட்டர். இவருக்கு அதற்குள் மனசு விட்டுப்போயிருந்தது. "கட்டிட்டுப் போயிடலாம் சார்" என்று எழுந்துவிட்டார்.

தாமத வட்டி, ஆடிட்டர் ஃபீஸ் எல்லாம் சேர்ந்து 50,000-ஐத் தொட்டது. என் இரட்டை வடச் சங்கிலி பாங்குக்குப் போயிற்று. கழற்றும்போது மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, திருடன் கொண்டு போனதுக்கு நாமளா கூலி குடுக்கணும்?" என்று கேட்டார். படிக்காத மனுஷி. ஆடிட்டர் ஒரு மணி நேரம் விளக்கியதை அத்தை ஒரே வரியில் கேட்டுவிட்டார், எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

அப்படியானால் போன 10 லட்சத்தை நஷ்டமாகக் காட்டி, வரியிலாவது கழிக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. வட்டிக்கு விடுவதையே தொழிலாகச் செய்கிறவர் என்றால், வராத கடனை நஷ்டமாக எழுதிக் கழிக்க வழி உண்டு. நம் மாதிரிக் குடும்பக்காரர்கள் சேமிப்பைப் போட்டு இழந்தால் அப்படிக் கழிக்க வழியில்லை. வட்டி வந்தால் வருமானம், அசலே போனால் தலையெழுத்து!

எங்கள் தெருவில் ஒரு டீச்சரம்மாவின் பெண் அமெரிக்காவில் கணக்கு வேலை பார்க்கிறாள். லீவில் வந்தபோது நான் இந்தக் கதையைச் சொல்ல, அவள் ஒரு கதை சொன்னாள். அங்கே பெர்னார்ட் மேடாஃப் என்று ஒருவர். பெரிய பெரிய மனிதர்களின் பணத்தையெல்லாம் வாங்கி, இல்லாத லாபத்தை இருப்பதாக மாசா மாசம் ஸ்டேட்மெண்ட் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறார். 2008 டிசம்பரில் பிடிபட்டார். 150 வருஷம் தண்டனை கொடுத்தார்கள், 2021-ல் சிறையிலேயே இறந்தார். பணம் போட்டவர்கள் அந்தப் பொய் லாபத்துக்கெல்லாம் வருஷா வருஷம் வரி வேறு கட்டியிருந்தார்களாம், என்னவரைப் போலவே. 2009-ல் அந்த ஊர் வரி இலாகா ஒரு வழி செய்தது. இப்படி மோசடியில் இழந்ததைத் திருட்டு நஷ்டம் என்று எழுதிக்கொள்ளலாம். வேறு யார் மீதும் வழக்குப் போட்டு வசூலிக்கப் போவதில்லை என்றால் நஷ்டத்தில் 95 சதவிகிதம், வழக்குப் போடுகிறவர்கள் 75 சதவிகிதம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வராத லாபத்துக்கு வரி கட்டியிருந்தால் அந்த லாபத்தையும் நஷ்டத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். எனக்குக் கேட்கவே ஆச்சரியமாக இருந்தது. பொய் லாபத்தைப் பொய் என்று சர்க்காரே ஒப்புக்கொள்கிறதே! நம் ஊரிலும் அப்படி ஒரு வழி வந்தால் எத்தனை குடும்பம் பிழைக்கும்.

ஏனென்றால் இது என் ஒருத்தி கதை இல்லை. தமிழ்நாட்டில் 1997-லேயே டெபாசிட்தாரர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கம்பெனிக்காரர்களின் சொத்தை முடக்கி, ஏலம் விட்டுப் பங்கு போட்டுக் கொடுப்பதற்கென்று அதில் அதிகாரியும் சிறப்பு நீதிமன்றமும் உண்டு. ஆனாலும் கதை ஓயவில்லை. திருப்பூர் பாசி நிறுவன வழக்கில் புகார் 2009-ல். கோவை சிறப்பு நீதிமன்றம் 27 வருஷம் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னது 2022 ஆகஸ்டில். அதே 2022-ல்தான் சென்னையில் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் பதிவாயிற்று. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாக போலீஸ் கணக்கு. ஒரு தீர்ப்பு வருவதற்குள் அடுத்த கம்பெனி ரெடி. 1872-ல் ஆரம்பித்த மயிலாப்பூர் இந்து பெர்மனண்ட் ஃபண்ட் என்றால் மூன்று தலைமுறையாகப் பணம் போட்ட குடும்பங்கள் உண்டு. அதிலேயே டெபாசிட் திரும்பவில்லை என்று புகாராகி 2024 ஆகஸ்டில் அதன் தலைவரைக் கைது செய்தார்கள். டி.வி.யில் அந்த வாசலில் நின்ற வயதான பெண்களைப் பார்த்தபோது, அவர்கள் வீட்டு அலமாரியிலும் டி.டி.எஸ். சர்ட்டிபிகேட் இருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

பட்டபின் தெரிந்துகொண்ட சிலதைச் சொல்கிறேன். டெபாசிட் வாங்க அனுமதி உள்ள ஃபைனான்ஸ் கம்பெனியானாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டரை சதவிகிதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் பாங்கு விதி. 15 என்று அவன் சொன்னபோதே நான் "ஏன்?" என்று கேட்டிருக்க வேண்டும். பாங்கில் போட்டால், அந்த பாங்கே முழுகினாலும், ஒருவருக்கு 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்த இன்ஷூரன்ஸே கிடையாது. டி.டி.எஸ். பிடித்தார்கள் என்றால் வரி பிடித்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம், கம்பெனி யோக்கியமானது என்று யாரும் முத்திரை குத்தவில்லை. சில இடங்களில் வரியைப் பிடித்துவிட்டு சர்க்காருக்குக் கட்டாமலே விழுங்கிவிடுவார்களாம். அப்படி நடந்திருந்தால், பிடித்த வரியை நம்மிடம் திரும்பக் கேட்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பிடித்தார்கள் என்பதற்கு நம் கையில் காகிதம் வேண்டும்.

இன்னொன்று. உங்கள் பேரில் வரி பிடித்திருந்தால், வருமானம் இல்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தந்த வருஷம் உங்கள் பேரில் ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் பிடித்த பணம் திரும்ப வந்துவிடும். நான் விட்டது 14,025 ரூபாய். எங்கள் வீட்டில் அது மூன்று மாத மளிகை. போன மாதம் எதிர் வீட்டுப் பெண், கைக்குழந்தைக்காரி, ஏதோ ஒரு படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப் போனாள். "வட்டிக்கு வரி பிடிக்காம இருக்கணும்னா இதுல கையெழுத்துப் போடணுமாம் அக்கா, அவர் சொன்னார்" என்றாள். வாங்கிப் படித்தேன். "என் மொத்த வருமானத்துக்கு வரி இல்லை" என்று அவளே உறுதிமொழி கொடுக்கிற படிவம் அது. "பணம் யாருதும்மா?" என்று கேட்டேன். "அவர்துதான்" என்றாள். உட்கார வைத்து, காப்பி போட்டுக் கொடுத்து, என் கதையைச் சொன்னேன். பிள்ளை அழ ஆரம்பித்ததால் பாதியில் எழுந்து போனாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

போன வருஷம் எங்கள் கம்பெனியின் சொத்தில் ஏதோ ஒரு பகுதி ஏலம் போய், எங்கள் பங்காக 81,000 ரூபாய் என் பாங்குக் கணக்குக்கு வந்தது. சந்தோஷப்படுவதற்கு முன் நான் செய்த முதல் காரியம், ஆடிட்டருக்கு போன். "சார், இதுக்கு வரி உண்டுங்களா?" மனுஷர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "இல்லம்மா, இது உங்க அசல் திரும்பி வர்றது. வருமானம் இல்ல. அசல் முழுசும் தாண்டி வட்டின்னு ஏதாவது குடுத்தா அப்ப கேளுங்க" என்றார். வந்த கடிதத்தையும் டெபாசிட் ரசீதையும் ஒன்றாகத் தைத்து வைக்கச் சொன்னார். ரசீதைத் தேடினால், மஞ்சள் தடவிய அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு அடியில் இருந்தது.

சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்தேன். மிச்சத்தைக் கணக்கிலேயே விட்டிருக்கிறேன். பாஸ்புக்கில் அந்த 81,000-க்குப் பக்கத்தில் பென்சிலால் "அசல்" என்று எழுதினேன். இவர் எட்டிப் பார்த்தார். "இதுல பத்துக்கு ஆறு என்னுது. உன் பேர்ல கெடந்து வட்டி வந்தா அதுக்கு நான்தான் வரி கட்டணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். கம்பெனி மூடின பிறகு அந்தப் பணத்தைப் பற்றி இவர் சிரித்துப் பேசியது அன்றைக்குத்தான்.